பையை எங்கே மாட்டுவது?

பஸ் ஸ்டாண்ட் கட்டணக் கழிப்பறை. உள்ளே போன அக்கா போன வேகத்தில் வெளியே வந்தார். வரிசையில் நின்ற முன்பின் தெரியாத பெண்ணிடம், "கொஞ்சம் புடிச்சுக்கம்மா" என்று பையைக் கொடுத்துவிட்டு மறுபடி போனார்.

உள்ளே தரையெல்லாம் ஈரம். கதவில் கொக்கி இருந்த இடத்தில் இரண்டு ஸ்க்ரூ ஓட்டை மட்டும்.

ஊருக்குப் போகிறவர் கையில் பை இருக்கும். கதவு உள்பக்கம் திறந்தால் பையோடு திரும்ப இடமிருக்காது. கொக்கி கதவின் உச்சியில் இருந்தால் வெளியிலிருந்தே கைவிட்டு எடுத்துவிடலாம். பக்கச் சுவரில் நாலடி உயரத்தில் ஒரு கடப்பாக்கல் தட்டு பதித்தால் போதும். கல்லை யாரும் கழற்றிக்கொண்டு போக மாட்டார்கள்.

தரைக்கு 100 செ.மீ.க்கு 1 செ.மீ. சரிவாவது வேண்டும், வடிகாலைப் பார்த்து. ரசமட்டம் வைத்து அழகாக டைல்ஸ் ஒட்டினால் தண்ணீர் மூலையில்தான் நிற்கும்.

நாற்றத்துக்கு பினாயில் மருந்தல்ல. வடிகாலுக்குக் கீழே ட்ராப் என்கிற வளைவில் 5 செ.மீ. தண்ணீர் நிற்க வேண்டும். சாக்கடைக் காற்றுக்கு அதுதான் மூடி. பூட்டியே கிடக்கும் அறையில் அது வற்றிவிடும். எந்த அறை பூட்டிக் கிடக்கும் என்று சொல்லவா வேண்டும், சக்கர நாற்காலி படம் போட்டதுதான்.

இருபாலருக்கும் ஒரே பரப்பளவு கொடுப்பதைச் சமம் என்கிறார்கள். ஒரு கழிப்பறை அடைக்கும் இடத்தில் யூரினல் இரண்டு வைக்கலாம். பெண்களுக்கு நேரமும் கூடுதல் ஆகும். வரிசை எந்தப் பக்கம் நீளும்?

அக்கா வந்து தன் பையை வாங்கிக்கொண்டார். இப்போது அந்தப் பெண்ணின் பை அவர் கையில்.