குருமன்காட்டு ஒழுங்கையில் ஐந்து மாடி

வவுனியா குருமன்காட்டுப் பக்கத்தில், நான்கு பரப்பு (ஏறத்தாழ ஆயிரம் சதுர மீற்றர்) உறுதிக்காணி, அதாவது தனியார் உரித்துள்ள காணி, ஒன்றில் ஐந்து தளங்கள் கொண்ட தொடர்மாடிக் குடியிருப்பைக் கட்டுவதற்கு அபிவிருத்தி அனுமதி கிடைத்திருக்கிறது. அதன் வரைபடங்களைத் தயாரித்தவன் என்ற முறையில், அந்த அனுமதி வந்த வழியை எழுதிவைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் 1978ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. திட்டமிடல், அபிவிருத்தி ஒழுங்குவிதிகள் 2021இல் புதிதாக வெளியாகின. எந்தப் படிவத்துடன் எதை இணைப்பது என்பதை அலுவலக முகப்பிலேயே விளக்கிவிடுவார்கள். ஆனால் எங்கள் நகரத்தில் இத்தகைய கட்டடமொன்றின் தலைவிதியை முதலில் தீர்மானிப்பது பக்கத்து வளவுக் கிணறு என்பதை எந்தப் படிவமும் சொல்வதில்லை.

வன்னிக்குத் தொடர்மாடி எதற்கு என்று கேட்பவர்களுக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும். போருக்குப் பின் இங்கு வந்த வீட்டுத்திட்டங்கள் பெரும்பாலும் தனித்தனிக் காணிகளில் தனித்தனி வீடுகளாகவே அமைந்தன. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை லட்சம் ரூபாய் கொடுக்கப்பட்டு, மீளக்குடியேறியவர்கள் தத்தம் காணியில் தாமே நின்று கட்டினார்கள். கிராமத்துக்கு அது முற்றிலும் பொருந்தியது. வவுனியா நகரத்தின் தேவை வேறு. 2021இல் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வளாகத்துக்கும், வைத்தியசாலைக்கும், கச்சேரிக்கும் (மாவட்டச் செயலகத்துக்கும்) வேலைக்கு வரும் இளம் குடும்பங்கள், யாரோ ஒருவருடைய வீட்டின் பின்புற அறையில் வாடகைக்கு இருந்துகொண்டு, நகருக்கு வெளியே ஒரு துண்டுக் காணி தேடுகின்றன. அந்தத் துண்டுக் காணிகள் எங்கிருந்து வருகின்றன என்பதைக் குளங்களின் கீழ்ப்புறம் போய்ப் பார்த்தால் தெரியும். வயல் நிலத்தை நிரப்புவதற்குக் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் அனுமதி வேண்டுமென்று 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. ஆயினும் வீட்டுக்கான தேவை தொடரும்வரை வயலின் மீதான நெருக்கடியும் தொடரும். இங்கே ஒரு குளத்தின் மிகைநீர் அடுத்த குளத்துக்குப் போவது. இடையில் ஒரு வயல் மேடானால் மாரியில் யாரோ ஒருவருடைய முற்றம் மூழ்கும். நகரின் நடுவில் இருபது குடும்பங்கள் மேல்நோக்கிக் குடியிருப்பது, அந்த வயல்களைக் காப்பாற்றும் வழிகளில் ஒன்று என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

காணியைப் பற்றி ஒரு சொல். வன்னியில் பெருமளவு நிலம் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட பெர்மிட் காணி, அதாவது அரச அனுமதிப்பத்திரக் காணி. அதை விருப்பம்போல் விற்கவோ பிரிக்கவோ முடியாது. மாடிவீடுகளைத் தனித்தனி உரிமையாகப் பதிந்து கொடுக்க எண்ணுபவர், வரைபடத்துக்குக் காசு செலவழிக்கும் முன்னரே உறுதியைச் சட்டத்தரணியிடம் காட்டித் தெளிந்துகொள்ள வேண்டும். அதன் பிறகு ஒழுங்கையின் அகலத்தை அளக்க வேண்டும், ஏனெனில் எத்தனை வீடுகளுக்கு அனுமதி என்பது பாதையின் அகலத்தோடு பிணைந்தது. நில அளவை வரைபடம், வீதிக்கோட்டுச் சான்றிதழ், பொறியியலாளரின் கணிப்புகள் ஆகியவை காலம் எடுத்தாலும் ஒழுங்காக வந்து சேர்பவை.

விண்ணப்பத்தை ஒப்படைக்கும் முன்பே அயலவர்களைச் சந்திக்க வேண்டும் என்று காணிச் சொந்தக்காரரிடம் வற்புறுத்தினேன். கோயில் மடத்தில் கதிரைகள் போட்டு, வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, ஒழுங்கையில் உள்ள எல்லா வீட்டாரையும் அழைத்தோம். முதல் அரைமணி நேரம் மாடிகளின் எண்ணிக்கை பற்றியே பேச்சு நடந்தது. பிறகு பக்கத்து வளவில் வசிக்கும், ஓய்வுபெற்ற ரீச்சர் எழுந்தார். “தம்பி, எத்தனை மாடி எண்டு நான் கேக்கேல்ல. ஆவணியில என்ர கிணத்தில தண்ணி எவ்வளவு நிக்குது எண்டு ஒருக்கா வந்து பாருங்கோ. பிறகு உங்கட மலசலகூடக் குழி எங்க வரப்போகுது எண்டும் சொல்லுங்கோ.”

அவர் கேட்டது மிகச் சரியான கேள்வி. யாழ்ப்பாணத்தைப் போல இங்கே அடியில் சுண்ணாம்புக்கல் இல்லை. சில அடி மண்ணுக்கும் உக்கிய கல்லுக்கும் கீழே கடும்பாறை. கிணற்றுக்கு வரும் நீர் அந்த உக்கிய படையிலும் பாறை வெடிப்புகளிலும்தான் நடமாடுகிறது. உறிஞ்சு குழியில் விடப்படும் கழிவுநீருக்கும் அதே வழிதான். நகரத்தில் கழிவுநீர்க் குழாய்த் தொகுதி கிடையாது. ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 120 லீற்றர் எனவும் வீட்டுக்கு நால்வர் எனவும் கொண்டால், இருபது வீடுகளிலிருந்து நாள்தோறும் 9,600 லீற்றர் வெளியேறும். அதை ஏறத்தாழ ஆயிரம் சதுர மீற்றர் நிலத்துக்குள், அதுவும் கட்டடம் போக எஞ்சிய மூலையில், மண் உறிஞ்ச வேண்டும்.

மறுநாள் காலையில் ரீச்சரின் கிணற்றில் கயிற்றை இறக்கி நீர்மட்டத்தை அளந்து, அதை அவருடைய கையாலேயே கொப்பியில் எழுதவைத்தோம். பின்னர் எங்கள் காணியின் தென்கிழக்கு மூலையில் ஒரு சோதனைக் குழி தோண்டி, தண்ணீர் நிரப்பி, கோடு கீறிய தடியொன்றை நட்டு, நீர் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தோம். மேல் மண் நனைந்து முடியும்வரை நீர் விரைவாக இறங்கியது. அதன் பிறகு தடியின் ஒரு கோட்டிலேயே நெடுநேரம் நின்றது. அந்தத் தடியைப் பார்த்துக்கொண்டு நின்ற எல்லோருக்கும், ரீச்சர் உட்பட, விடை விளங்கிவிட்டது. வரைபடத்தில் முதலில் காட்டியிருந்த சாதாரண செப்டிக் தாங்கியும் உறிஞ்சு குழியும் இந்த மண்ணுக்குப் போதாது.

ஆகவே திட்டத்தை மாற்றினோம். குளியல், சமையல் நீரைத் தனிக் குழாயில் பிரித்து, கல்லும் மணலும் நிரப்பிய நாணல் பாத்தியின் வழியே விட்டு மரங்களுக்குப் பாய்ச்சுவது. மலசலகூட நீரை மூன்று அறைத் தாங்கியிலும் அதனை அடுத்த வடிகட்டியிலும் சுத்திகரித்த பின்னரே மண்ணில் விடுவது. மீதியைப் பவுசர் வந்து உறிஞ்சிச் செல்ல வழிவிடுவது. குழாய்க்கிணறு தோண்டுவதில்லை, நகரக் குழாய்நீரையே பயன்படுத்துவது என்று எழுத்தில் உறுதியளித்தோம். இவற்றுக்கு இடம் தேவைப்பட்டதால் கீழ்த்தளத்தில் இரண்டு வீடுகள் குறைந்து, மொத்தம் பதினெட்டாயிற்று. சொந்தக்காரருக்கு அது சிறிய இழப்பன்று. இருந்தும் அவர் சம்மதித்தார், அதற்காக அவரை மதிக்கிறேன். பொதுச் சுகாதார பரிசோதகர் நேரில் வந்தபோது, கிணற்று அளவுக் கொப்பியையும் சோதனைக் குழியின் கணக்கையும் முன்னால் வைத்தோம். அவருடைய கேள்விகளுக்குப் பாதிப் பதிலை அயலவர்களே கொடுத்தார்கள்.

இன்னொரு கவலை பெண்கள் பக்கமிருந்து, கூட்டம் முடிந்த பிறகு, மெதுவாக வந்தது. ஒழுங்கையின் பல வீடுகளில் இன்றும் கிணற்றடியில்தான் குளிப்பு. மூன்றாம் மாடி விறாந்தையில் யாரும் நின்றால் கிணற்றடி முழுவதும் தெரியும். ஒழுங்குவிதிப்படி எல்லையிலிருந்து விட வேண்டிய இடைவெளியை மட்டும் விட்டு, மற்றதைப் பார்க்க வேண்டியதில்லை என்று யாரும் வாதிடலாம். நான் அப்படி வாதிட விரும்பவில்லை. மேற்குப் பக்க விறாந்தைகளை எல்லாம் ஒழுங்கைப் பக்கம் திருப்பி, அந்தச் சுவரில் ஆள் உயரத்துக்கு மேலே மட்டும் யன்னல்களை வைத்து வரைந்தேன். காற்றோட்டம் குறையாமல் இதைச் செய்வதற்கு நிறைய உழைக்க வேண்டியிருந்தது. வரைபடத்திலேயே எனக்கு நிறைவு தந்த பகுதி அதுதான்.

“வெளியாட்கள் வந்து குடியேறுவார்கள்” என்ற எதிர்ப்பை மட்டும் நான் ஏற்கவில்லை. இடம்பெயர்ந்து வந்தவர்களால் நிறைந்த நகரம் இது. அந்த ஒழுங்கையிலேயே பாதிக் குடும்பங்கள் வேறு ஊர்களிலிருந்து வந்தவை. அதை அமைதியாக, அவர்களுடைய முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் வசதி ஒழுங்குவிதிகள் 2006 முதல் நடைமுறையில் உள்ளன. போரில் காலை இழந்தவர்கள் இவ்வளவு பேர் வாழும் மாவட்டங்களில், சாய்தளத்தை வரைபடத்தின் ஓரத்தில் பெயருக்குக் கீறிவிட்டுப் போகக்கூடாது. மின்தூக்கி வைத்தாலும், 2022இன் நீண்ட மின்வெட்டுகளை நினைத்து, கீழ்த்தளத்தில் எஞ்சிய வீடுகளின் கதவுகளையும் குளியலறைகளையும் சக்கர நாற்காலிக்கு ஏற்ற அகலத்தில் அமைத்தோம். அவை முதலில் அத்தகைய குடும்பங்களுக்கே விற்கப்படும் என்று சொந்தக்காரர் வாக்களித்திருக்கிறார்.

இனிக் கட்டுமானம் உண்டு. அது முடிந்ததும், அனுமதித்த வரைபடத்தின்படியே கட்டப்பட்டது என்று உறுதிசெய்யும் இசைவுச் சான்றிதழும், மாடி உரிமைச் சட்டத்தின்படி ஒவ்வொரு வீட்டுக்குமான பதிவும், எல்லோரும் மாதாமாதம் காசு கட்டி நாணல் பாத்தியையும் தாங்கியையும் பராமரிக்கும் முகாமைத்துவ அமைப்பும் தேவை. கிணற்றுக் கொப்பியை அந்த அமைப்பிடம் ஒப்படைக்கும்படி ரீச்சரிடம் கேட்டேன். அவர் மறுத்துவிட்டார், அளவைத் தானே எழுதுவதாகவும், வேண்டுமானால் பிரதி தருவதாகவும் சொன்னார். அதுவே சரியான ஏற்பாடு. அடுத்த தொடர்மாடிக்கு விண்ணப்பம் வரும்போது, அயலிலுள்ள கிணறுகளின் கோடைகால நீர்மட்டத்தையும் வரைபடத்தோடு இணைக்கச் சொல்லி உள்ளூராட்சி மன்றம் கேட்க வேண்டுமென்று எழுத்தில் கோரியிருக்கிறேன். ரீச்சரின் கொப்பியின் முதற் பக்கங்களைப் பிரதி எடுத்து அதனுடன் இணைத்திருக்கிறேன்.