பிரவுசர் கிராஷ் ஆனால் ரேமையும் சந்தேகப்படுங்கள்

பிரவுசர் தானாக மூடிக்கொள்கிறது என்று தேடினால் எங்கேயும் ஒரே பதில்தான்: கேஷை அழி, எக்ஸ்டென்ஷனை எடு, அன்இன்ஸ்டால் செய்துவிட்டு மறுபடி போடு. நிறைய பேருக்கு அதிலேயே சரியாகிவிடும். எனக்கு ஆகவில்லை. பிரவுசரில் தொடங்கிய தேடல் விண்டோஸின் சிஸ்டம் ஃபைல்கள் வரை போய், கடைசியில் ஒரு ரேம் ஸ்டிக்கில், அதாவது ஓடும் நிரல்களின் தரவைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகப் பலகையில், முடிந்தது. எதை முதலில் செய்ய வேண்டும், எதை அப்புறம் செய்ய வேண்டும் என்ற வரிசைதான் இதில் எல்லாமே. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஆரம்பத்தில் ஒரு டேப் மட்டும் விழும், ரீலோட் செய்தால் வந்துவிடும். போகப் போக, நிறைய டேப் திறந்திருக்கும்போது பிரவுசரே சத்தமில்லாமல் காணாமல் போக ஆரம்பித்தது. வழக்கமான வேலைகளை எல்லாம் செய்தேன். எக்ஸ்டென்ஷன்களை நிறுத்தினேன், ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை அணைத்தேன், கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்தேன், புது புரொஃபைல் உருவாக்கிப் பார்த்தேன். கொஞ்ச நேரம் ஓடும், மறுபடி விழும். வேறொரு பிரவுசரைப் போட்டுப் பார்த்தால் அதுவும் விழுந்தது. இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் பிரவுசர் ஒரே மாதிரி விழுகிறது என்றால் பிரவுசரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, அதற்குக் கீழே ஏதோ கெட்டிருக்கிறது.

இந்த இடத்தில் பார்க்க வேண்டியது ஈவென்ட் வியூவர், விண்டோஸ் பிழைகளைக் குறித்து வைக்கும் பதிவேடு. விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் அப்ளிகேஷன் என்று போனால் பல கிராஷ்களுக்கும் 1000 என்ற எண்ணில் ஒரு பதிவு இருக்கும். அதில் எந்த மாட்யூலில் (நிரல் பயன்படுத்தும் ஒரு ஃபைல்) தவறு நடந்தது என்று ஒரு வரி வரும். எப்போதும் ஒரே மாட்யூல் பெயர் வந்தால், உதாரணமாக ஒரு கிராஃபிக்ஸ் டிரைவர் ஃபைல், ஆள் பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். எனக்கு ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயர் வந்தது. காரணமாகப் பெரும்பாலும் அக்சஸ் வயலேஷன் என்றே இருந்தது, அதாவது நிரல் தனக்கு உரிமையில்லாத நினைவக முகவரியைத் தொட்டிருக்கிறது. பல நிரல்கள், பல மாட்யூல்கள், ஒரே வகைப் பிழை என்றால் ரேம் மேல் சந்தேகம் வர வேண்டும்.

சிஸ்டம் ஃபைல்கள் கெட்டிருந்தாலும் இப்படி நடக்கும் என்பதால் கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து சிஸ்டம் ஃபைல்களைச் சரிபார்த்துத் திருத்தும் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் கட்டளையை ஓட்டினேன். கெட்ட ஃபைல்கள் இருக்கின்றன, சிலவற்றைச் சரிசெய்ய முடியவில்லை என்றது. ரீஸ்டார்ட் செய்து மறுபடி ஓட்டினேன். அதன் முடிவுகள் பதிவாகும் சிபிஎஸ் லாகைத் திறந்து பார்த்தால் இப்போது அது சொன்ன ஃபைல்களின் பட்டியலே வேறு. முதலில் நன்றாக இருந்த ஃபைல் இப்போது கெட்டது என்கிறது, கெட்டது என்ற ஒன்று இப்போது பட்டியலில் இல்லை. டிஸ்கில் இருக்கும் ஃபைல் அப்படி மாறி மாறிக் கெட்டு நல்லதாக முடியாது. ஆனால் அதைப் படித்துப் பார்க்கும் பாதையில் எங்கோ தவறு நடந்தால் இப்படித்தான் தெரியும்.

சந்தேகத்தை உறுதி செய்துகொள்ள ஒரு எளிய வழி இருக்கிறது, கருவி எதையும் வாங்க வேண்டாம். விண்டோஸை நிறுவ உதவும் ஐஎஸ்ஓ ஃபைல் ஒன்று கையில் இருந்தது, பல ஜிபி அளவு. சர்ட்யூட்டில் என்ற கட்டளை விண்டோஸிலேயே இருக்கிறது, அதை வைத்து அந்த ஃபைலின் ஷா256 ஹேஷை, அதாவது உள்ளடக்கத்தை வைத்துக் கிடைக்கும் ஒரு கைரேகையை, கணக்கிட்டேன். 64 எழுத்துகள் கொண்ட ஒரு நீண்ட சரம் வரும். அதை எழுதி வைத்துக்கொண்டு, ரீஸ்டார்ட் செய்துவிட்டு, அதே ஃபைலுக்கு அதே கட்டளையைக் கொடுத்தேன். வேறு சரம் வந்தது. ஃபைலில் யாரும் கை வைக்கவில்லை, ஒரு பிட் கூட மாற வாய்ப்பில்லை, ஆனால் ஹேஷ் மட்டும் மாறுகிறது. ரீஸ்டார்ட் செய்யாமல் பார்த்தால் இது தெரியாமலே போகலாம். ஒருமுறை படித்த ஃபைலை விண்டோஸ் ரேமிலேயே வைத்திருக்கும், அங்கே ஒரு பிட் தவறாகப் பதிந்திருந்தால் அதே தவறான ஹேஷே திரும்பத் திரும்ப வரும்.

உடனே ரிப்பேர் வேலையை நிறுத்தினேன். இதைப் படிப்பவர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டாலும் எனக்குப் போதும்: ரேம் சரியாக இருக்கிறது என்று உறுதியாகும் வரை விண்டோஸை ரிப்பேர் செய்யாதீர்கள். பழுதான ரேமோடு ரிப்பேர் செய்வது அழுக்குத் துணியால் கண்ணாடியைத் துடைப்பது போல. நல்ல ஃபைலும் ரேம் வழியாகத்தான் டிஸ்குக்குப் போகிறது, போகும் வழியில் அதுவும் கெடலாம். பேக்கப்புக்கும் இதே கதிதான். பழைய, நல்ல பேக்கப் இருந்தால் அதன் மேல் தயவுசெய்து எதையும் எழுதாதீர்கள், வெளி டிரைவைக் கழற்றித் தனியாக வைத்துவிடுங்கள்.

ரேமைச் சோதிக்க விண்டோஸிலேயே மெமரி டயக்னாஸ்டிக் உண்டு. நான் மெம்டெஸ்ட்86+ஐ எடுத்தேன், இலவசம், ஓப்பன் சோர்ஸ், பென்டிரைவிலிருந்து நேராக பூட் ஆகும், கெட்டுப்போயிருக்கும் விண்டோஸைத் தொடவே வேண்டாம். பென்டிரைவை மட்டும் வேறொரு நல்ல கம்ப்யூட்டரில் தயார் செய்யுங்கள். ஓட விட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை, அப்புறம் சிவப்பு வரிகள் வர ஆரம்பித்தன. ஒவ்வொரு வரியிலும் முகவரி, எழுதிய மதிப்பு, திரும்பப் படித்தபோது கிடைத்த மதிப்பு. உற்றுப் பார்த்தால் இரண்டு மதிப்புகளுக்கும் ஒரே ஒரு பிட்தான் வித்தியாசம், அதுவும் பெரும்பாலும் ஒரே பிட். ஒரு பிழை வந்தாலே அந்த ரேமை நம்பக் கூடாது, ‘ஒன்றிரண்டுதானே’ என்று விட்டுவிடாதீர்கள்.

பிழை வந்ததும் ரேமைத் தூக்கிப் போட்டுவிடவும் வேண்டாம். பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) ரேமை அதிக வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியைப் போட்டிருந்தால் முதலில் அதை அணைத்துவிட்டு மறுபடி சோதியுங்கள், வேகத்தைக் குறைத்தாலே சரியாகிவிடும் ரேம்கள் உண்டு. அதிலும் பிழை வந்தால் கம்ப்யூட்டரை அணைத்து, மின்சாரத்தைத் துண்டித்து, ஸ்டிக்குகளைக் கழற்றி ஒவ்வொன்றாக ஒரே ஸ்லாட்டில் வைத்துச் சோதியுங்கள். பிழை காட்டும் ஸ்டிக்கை வேறு ஸ்லாட்டிலும் வைத்துப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் குறை ஸ்டிக்கிலா மதர்போர்டிலா என்று தெரியாது. எனக்கு ஒரு ஸ்டிக் எந்த ஸ்லாட்டில் வைத்தாலும் பிழை காட்டியது, இன்னொன்று எங்கே வைத்தாலும் சுத்தமாக இருந்தது. கெட்டதை எடுத்துவிட்டு நல்லது ஒன்றை மட்டும் வைத்து மேற்கொண்டு போனேன். பல ரேம்களுக்கு ஆயுட்கால வாரண்டி இருக்கும், பில்லைத் தேடிப் பாருங்கள்.

ரேம் கெடுவது எங்கோ ஒருவருக்கு நடக்கும் அபூர்வம் என்று நினைக்க வேண்டாம். கூகுளின் சர்வர்களை வைத்து 2009இல் வெளியான ஓர் ஆய்வில், ஆண்டுக்கு 8 சதவீதத்துக்கும் அதிகமான மெமரி மாட்யூல்களில் (ரேம் ஸ்டிக்குகளில்) பிழை பதிவாகியிருந்தது. சர்வர்களில் ஈசிசி ரேம் இருப்பதால் ஒற்றை பிட் பிழையை அதுவே திருத்திவிடும். நம் வீட்டுக் கம்ப்யூட்டர்கள் பெரும்பாலானவற்றில் அது கிடையாது. பிரவுசர் ஏன் முதலில் விழுகிறது என்பதும் இதிலேயே புரியும். பல புராசஸ்களாகப் பிரிந்து ஜிபி கணக்கில் ரேமை எடுத்துக்கொள்வதால் கெட்ட இடத்தில் அதுதான் முதலில் கால் வைக்கிறது. விண்டோஸ் அப்டேட்டும் ஃபைல்களை ரேமில்தான் விரித்து டிஸ்கில் எழுதுகிறது, அப்படித்தான் என் சிஸ்டம் ஃபைல்கள் கெட்டிருக்க வேண்டும்.

டிஸ்கையும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன். டிஸ்க் தன் நிலையைக் குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரங்களில் ரீஅலோகேட்டட், பெண்டிங் செக்டார் (பழுதான, சந்தேகத்துக்குரிய இடங்கள்) எண்ணிக்கை கூடியிருக்கிறதா என்று பார்த்து, டிஸ்கைச் சோதிக்கும் செக்டிஸ்க் கட்டளையையும் ஓட்டினேன், பிரச்சினை இல்லை. அதற்குப் பிறகுதான் முக்கியமான ஃபைல்களைப் புது டிரைவில் பேக்கப் எடுத்தேன்.

இனி ரிப்பேர். எஸ்எஃப்சி தன் நல்ல நகல்களை வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டரிலிருந்துதான் எடுக்கிறது. அந்தக் களஞ்சியமே கெட்டிருந்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் முதலில் அந்தக் களஞ்சியத்தைச் சரிசெய்யும் டிஸ்ம் கட்டளையை ரீஸ்டோர்ஹெல்த் என்ற சேர்க்கையோடு ஓட்ட வேண்டும், பிறகு எஸ்எஃப்சி. டிஸ்ம் வழக்கமாக விண்டோஸ் அப்டேட்டிலிருந்து நல்ல ஃபைல்களை இறக்கிக்கொள்ளும். எனக்கு மூல ஃபைல்கள் கிடைக்கவில்லை என்று நின்றுவிட்டது. நல்ல ரேமோடு புதிதாக இறக்கிய ஐஎஸ்ஓவை, ஹேஷ் சரிபார்த்துவிட்டு, இரட்டை கிளிக் செய்து மவுண்ட் செய்து, அதிலுள்ள இன்ஸ்டால் இமேஜை மூலமாகக் காட்டினேன். ஐஎஸ்ஓவின் பதிப்பும் எடிஷனும் உங்கள் விண்டோஸோடு பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் அதே பிழைதான் வரும். ஓடும்போது 62.3 சதவீதத்தில் வெகுநேரம் அசையாமல் நிற்கலாம். பயந்து மூடிவிடாதீர்கள், விட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

டிஸ்ம் முடிந்தது. எஸ்எஃப்சி கெட்ட ஃபைல்களை எல்லாம் சரிசெய்துவிட்டதாகச் சொன்னது, ரீஸ்டார்ட் செய்து மறுபடி ஓட்டினால் ஒரு குறையும் இல்லை என்றது. இதிலும் சரியாகாதவர்கள் ஐஎஸ்ஓவுக்குள் இருக்கும் செட்டப்பை ஓட்டி, ஃபைல்களையும் ஆப்களையும் வைத்துக்கொள் என்ற தேர்வோடு விண்டோஸை அதன் மேலேயே நிறுவலாம். முழுதாக ஃபார்மட் செய்யும் முன் இதைச் செய்து பாருங்கள்.

கடைசியில் பிரவுசர். ஹிஸ்டரி, குக்கீ எல்லாம் சின்னச் சின்ன டேட்டாபேஸ் ஃபைல்கள், கெட்ட ரேம் அவற்றையும் விட்டுவைப்பதில்லை. பழைய புரொஃபைல் திறக்கும்போதே தடுமாறியதால் புக்மார்க்கை மட்டும் எக்ஸ்போர்ட் செய்து, புது புரொஃபைலில் போட்டுக்கொண்டேன். பாஸ்வேர்டுகளையும் முன்பே எக்ஸ்போர்ட் செய்யுங்கள், பல பிரவுசர்கள் அவற்றை உங்கள் விண்டோஸ் கணக்கோடு பூட்டி வைத்திருக்கும், ஃபோல்டரை மட்டும் வேறு கம்ப்யூட்டருக்கு நகலெடுத்தால் திறக்காது.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. பிரச்சினை ஆரம்பித்த காலத்துக்குப் பிறகு சேமித்த ஃபைல்களைத் தேதி வாரியாக அடுக்கி, ஜிப்களை 7-ஜிப்பின் டெஸ்ட் பொத்தானில் போட்டு, படங்களைத் திறந்து பார்த்தேன். சில ஜிப்கள் சிஆர்சி பிழை (உள்ளடக்கம் மாறிவிட்டது என்று அர்த்தம்) காட்டின, சில படங்களின் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகப் போயிருந்தது. பழைய பேக்கப்பில் இருந்தவற்றை அங்கிருந்து எடுத்துக்கொண்டேன், இல்லாதவை போனது போனதுதான்.