மேடை ஏறும் முன்பே

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ், செந்தூல் பக்கத்துத் தமிழ்ச் சபைகளில் கள்ளப்போதகம் பிரசங்க மேடை வழியாக நுழைவது குறைவு. வீட்டு ஜெபக்கூட்டம், புலனக் (வாட்ஸ்அப்) குழு, பள்ளி விடுமுறையில் "ஊரிலிருந்து ஊழியக்காரர் வந்திருக்கிறார்" என்று ஒரு குடும்பம் கூட்டிவரும் விருந்தாளி, இப்படித்தான் வரும். கூட்டிவந்தவர் சபையின் மூத்தவர் என்றால் கேள்வி கேட்க எவருக்கும் வாய் வராது. சபையை நடத்தும் மூப்பரின் வேலையில் பாதி, அந்தத் தயக்கத்தைத் தாண்டுவதுதான்.

வருகிறவரின் சொந்தச் சபையிலிருந்து கடிதம் கேட்டு வாங்க வேண்டும். கடிதத்தில் கையெழுத்திட்டவரிடம் தொலைபேசியிலும் பேசி, இவர் யாருக்குக் கணக்கு ஒப்புவிக்கிறார் என்று விசாரிக்க வேண்டும். "கர்த்தருக்கு மட்டும்தான்" என்று பதில் வந்தால் அழைக்கும் எண்ணத்தை அத்தோடு விட்டுவிடலாம். பிறகு அவருடைய முழுப் பிரசங்கம் மூன்றையாவது கேளுங்கள். இரண்டு நிமிடக் காணொளியில் எல்லாரும் நல்ல போதகர்தான். தவறான வாக்கியத்தைத் தேடுவதைவிட, மூன்றிலும் வராமலே போனது எது என்று பார்ப்பது பலன் தரும். மனந்திரும்புதல், சிலுவை, நியாயத்தீர்ப்பு எதுவும் இல்லாமல் ஆசீர்வாதமே நிறைந்திருந்தால் அழைப்பு வேண்டாம். குடிநுழைவு அனுமதியையும் சரிபார்த்துவிடுங்கள்.

பணம் பழைய சோதனை. ஆதித்திருச்சபையின் 'டிடாக்கே' என்ற கையேடு, ஊர் ஊராக வருகிற அப்போஸ்தலன் மூன்று நாள் தங்கினாலோ பணம் கேட்டாலோ அவன் கள்ளத்தீர்க்கதரிசி என்றே சொல்கிறது. இங்கே கோளாறு பெரும்பாலும் காணிக்கை உறையில் தொடங்கும்: கூட்டம் முடிந்ததும் உறைகள் நேராக விருந்தாளியின் பைக்குள் போய்விடும். உறவினரல்லாத இருவர் அதே அறையில் உடனே எண்ணி, இருவரும் கையெழுத்திட்டு, பொருளாளர் வழியாக வங்கிக் கணக்குக்கு அனுப்புவதே முறை. தனியறையில் தீர்க்கதரிசனம் சொல்ல அனுமதிக்கக் கூடாது. 1 கொரிந்தியர் 14:29-இன்படி, ஒருவர் சொல்வதை மற்றவர்கள் நிதானிக்க வேண்டும்; கதவைச் சாத்திவிட்டால் யார் நிதானிப்பது?

இதைக் கேட்டதும் "அபிஷேகம்பண்ணப்பட்டவரைத் தொடாதே" என்பார்கள். அந்த வசனம், சங்கீதம் 105:15, அந்நிய தேசங்களில் அலைந்த முற்பிதாக்களுக்கு ராஜாக்கள் தீங்கு செய்யாதபடி சொல்லப்பட்டது. அபிஷேகம் பெற்ற தாவீது ராஜாவைத் தீர்க்கதரிசி நாத்தான் நேருக்கு நேர் கடிந்துகொண்டார். அந்தியோகியாவில் பேதுருவைப் பவுல் எதிர்த்தார்.

பரிசுத்தத்தின் பேரில் வரும் புரட்டு இரண்டு திசையில் இழுக்கும். கிருபை வந்தாயிற்று, இனிப் பாவ அறிக்கை எதற்கு என்பது ஒன்று. பாவங்களை அறிக்கையிடுவதைப் பற்றிய 1 யோவான் 1:9 விசுவாசிகளுக்கே எழுதப்பட்டது. மற்றொன்று சட்டங்களைக் கூட்டிக்கொண்டே போவது. அதன் ஆபத்தான முனை, நீரிழிவு மாத்திரையை விசுவாசத்தால் நிறுத்தச் சொல்வது. இது காதில் விழுந்தால் மூப்பர் கூட்டம்வரை காத்திருக்கக் கூடாது, அன்றே அந்த நோயாளியின் வீட்டுக்குப் போக வேண்டும்.

மிலேத்து பட்டணத்தில் பவுல் எபேசு மூப்பர்களிடம், மந்தைக்குள் நுழையும் ஓநாய்களான கள்ளப்போதகர்களைப் பற்றிப் பேசுமுன், "உங்களைக்குறித்தும்" எச்சரிக்கையாயிருங்கள் என்றுதான் ஆரம்பித்தார். மாறுபாடாகப் போதிக்கிறவர்கள் உங்களிலும் எழும்புவார்கள் என்றும் சேர்த்துச் சொன்னார். நம் சபைகள் விருந்தாளியைத் துருவிப் பார்க்கும் அளவுக்குச் சொந்த மூப்பரைப் பார்ப்பதில்லை. உறுப்பினரிடம் கடன் வாங்கியிருக்கிறாரா, ஆலோசனை தேடி வரும் பெண்ணைத் தனியாகச் சந்திக்கிறாரா, சபைக் காசோலையில் ஒரே கையெழுத்தா என்று ஆண்டுதோறும் கேட்க வேண்டும். மூப்பர்மேல் முறையீடு என்றால் இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும். நிரூபணமானால் எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ள வேண்டும் (1 தீமோத்தேயு 5:19, 20). முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு இரண்டாம் பாதியை அமுக்கிவிடுகிற சபையில் வெளியாளைக் கேள்வி கேட்கும் தைரியம் ஒருவருக்கும் மிஞ்சாது.

தவறாகப் போதிக்கிறவருக்கு எச்சரிப்பு இரண்டு முறை, அதன்பின் விலக்கம் (தீத்து 3:10). அவர் பின்னால் போன குடும்பங்களை இதே தட்டில் வைக்கக் கூடாது. அறிவிப்பில் போதனையைப் பெயர் சொல்லி மறுக்கலாம். ஏமாந்தவர்களின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. இருவராகப் போய்ப் பாருங்கள். முதல் சந்திப்பிலேயே விவாதம் வேண்டாம்.