மூன்று தசம் இரண்டு செக்கன்

பௌதிக மாஸ்டர் காலமான செய்தி மாசியில் வந்தது. எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் மலர்க் குழு அஞ்சலிக் கட்டுரை ஒன்று கேட்டது. எழுத உட்கார்ந்தால் மாஸ்டருக்கு முன்னால் அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிறெஸ்லி வந்து நிற்கிறார். குற்றம் மாஸ்டருடையதுதான். வேட்டியும் திருநீறுமாக வந்த மனுசன் எதிரொலிப் பாடத்தைக் கிணற்றடியில் தொடங்காமல் அமெரிக்காவின் மெம்பிஸில் தொடங்கினார். ஆறாம் நம்பர் அறைக் கடைசி வாங்குக்காரருக்கு மிச்சம் தெரியும். இளையவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

1953 கோடையில், பள்ளிக்கூடம் முடித்த கையோடு, பதினெட்டு வயது எல்விஸ் மெம்பிஸ் நகரில் யூனியன் அவெனியூ 706ஆம் இலக்கக் கடைக்குப் போகிறார். 3.98 டொலரும் வரியும் கட்டினால் யாரும் தன் குரலை இசைத்தட்டில் பதிந்து கொண்டு போகலாம். அந்தக் கடையை நடத்திய சாம் பிலிப்ஸ்தான் சண் இசைத்தட்டு நிறுவனத்தின் சொந்தக்காரர். அவர் அடுத்த ஆண்டு பெடியனைக் கூப்பிட்டு, கிற்றாருக்கு ஸ்கொற்றி மூரையும் பேஸுக்கு பில் பிளாக்கையும் சேர்த்து விட்டார். 1954 ஜூலை 5 இரவு மெல்லிசைப் பாட்டுகளைப் பாடிப் பார்த்தார்கள், ஒன்றும் சரிவரவில்லை. இடைவேளையில் எல்விஸ் சும்மா பகிடிக்கு ஆர்தர் குருடப்பின் பழைய புளூஸ் பாட்டு ஒன்றை வேகமாக எடுத்துவிட, சாம் ஓடிவந்து திரும்பப் பாடச் சொன்னார். பதிவில் மேளம் இல்லை. பேஸ் நரம்பை இழுத்துக் கட்டையில் அடிக்கும் சத்தம்தான் தாளம். கறுப்பினத்தவரின் புளூஸ் ஒரு பக்கம், வெள்ளையரின் நாட்டுப்புறப் பாட்டு மறுபக்கம் என்று அந்த மாதமே இசைத்தட்டு வெளிவந்தது. குருடப்புக்குச் சேரவேண்டிய பணம் ஒழுங்காகக் கிடைக்கவில்லை என்பதையும் மாஸ்டர் சொல்லாமல் விட்டதில்லை.

ஆனால் அவருக்குப் பாட்டை விட அதன் பின்னால் வந்த நிழல்தான் முக்கியம். சண் பதிவுகளில் எல்விஸின் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் அதே சொல் ஒரு தடவை, ஒரே தடவை, தட்டிவிட்டுப் போகும். சாமிடம் இரண்டு அம்பெக்ஸ் ரேப் மெஷின்கள் இருந்தன. ஒன்று பாட்டைப் பதியும். மற்றதும் அதே குரலைப் பதியும், ஆனால் பதியும் தலையை (நாடா உரசிப் போகும் காந்தப் பாகத்தை) தாண்டிய நாடா வாசிக்கும் தலைக்கு வந்ததும் அங்கிருந்து எடுத்த ஒலியை முதலாவது மெஷினுக்குக் கலந்து விடுவார். தலைகளுக்கிடையே இரண்டு அங்குலம், நாடா செக்கனுக்குப் பதினைந்து அங்குலம் ஓடுகிறது என்று வைத்தால் தாமதம் 0.13 செக்கன். வேகத்தைப் பாதியாக்கினால் தாமதம் இரட்டிக்கும், பாட்டு இடறும். திரும்பிய குரலை மறுபடி இரண்டாவது மெஷினுக்குள் விடக்கூடாது. விட்டால் ஒன்று பத்தாகும்.

"இதையே சுவரால் செய்ய எவ்வளவு தூரம் வேணும்?" என்று கேட்பார். ஒலி செக்கனுக்கு 340 மீற்றர். போய்த் திரும்பினால் 45 மீற்றர். சுவர் இருபத்திரண்டரை மீற்றரில் நிற்க வேண்டும். போய்த் திரும்புவதை மறந்து 45 என்றவன் எழும்பி நின்று மற்ற விடைகளைக் கேட்க வேண்டும். எங்களில் பாதிப்பேர் நின்றோம்.

1973இல் நடந்த செய்முறைக்கு வருகிறேன். வீட்டுப் பாவனை ரேப் ரெக்கோடரில் பதியவும் வாசிக்கவும் ஒரே தலைதான். ஆகவே ஒன்றை வைத்து சாமின் வித்தையைச் செய்ய முடியாது. மாஸ்டர் இரண்டு மெஷின்களை மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, ஒன்றில் பதிந்த நாடாவை நேரே மற்றதன் தலைக்கு இழுத்து, அதன் ஸ்பூலில் சுற்ற விட்டார். இரண்டு மோட்டரும் ஒரே வேகத்தில் சுற்றாது. தொய்ந்தால் நாடா மேசையில் விழும், இறுகினால் குரல் நடுங்கும். தொய்வை எடுக்கப் பென்சில் பிடிக்க ஒருவன். பாட ஒருவன். அவனுக்கு எல்விஸின் இங்கிலிஷ் வாயில் வரவில்லை, கல்லூரிக் கீதத்தைத் தொடங்கிவிட்டான்.

தலைகளுக்கிடையே இரண்டடி. வேகம் ஏழரை அங்குலம். மூன்று தசம் இரண்டு செக்கன்! அவன் இரண்டாம் வரியில் நிற்க முதல் வரி வந்து மேலே ஏறியது. ஒலிபெருக்கியை மைக்குக்குப் பக்கத்தில் வைத்திருந்ததால் அந்த வரி திரும்பவும் பதிந்து, திரும்பவும் வந்து, ஒவ்வொரு தடவையும் பெருத்தது. பக்கத்து வகுப்புகள் கீதத்துக்கு எழுந்து நின்றுவிட்டன. அதிபர் வாசலுக்கு வந்தார். பாடியவனை "எக்கோ" (எதிரொலி) என்று இன்றும் லண்டன் கிளையில் கூப்பிடுகிறார்கள். பிழை அவன் குரலில் இல்லை, மேசை நீளத்தில். அதை மாஸ்டர் அன்றே கரும்பலகையில் எழுதினார். யாரும் வாசிக்கவில்லை.

ஆர்.சி.ஏ. இசைத்தட்டு நிறுவனத்தாருக்கும் சாமின் அந்தச் சத்தம் பிடிபடவில்லை. 1955 கார்த்திகையில் 35,000 டொலர் கொடுத்து சாமிடமிருந்து எல்விஸை வாங்கினார்கள். 1956 ஜனவரி 10, நாஷ்வில்லில் முதல் பதிவு. நடைகூடத்தில் ஒலிபெருக்கியும் மைக்கும் வைத்து எதிரொலி எடுத்தார்கள். நடைகூடம் ஒன்றைப் பலவாக்கிக் குழப்பும், நாடா ஒன்றை ஒன்றாகவே திருப்பித் தரும். அன்று பதிந்த பாட்டு ஒன்று என்னவோ அமெரிக்காவில் முதலிடம் போனது.

உலகம் முழுக்கக் கேட்ட குரல், உலகம் சுற்றவில்லை. அமெரிக்காவுக்கு வெளியே அவர் மேடையேறியது கனடாவில் மட்டும், 1957இல். முகாமையாளர் கேணல் பாக்கர் நெதர்லாந்தில் பிறந்து, குடிவரவுப் பத்திரம் இல்லாமல் அமெரிக்காவுக்குள் வந்தவர். போனால் திரும்பி உள்ளே வர முடியாது என்ற பயம்தான் காரணம் என்பது பலர் ஊகம். அந்தப் பயம் எங்களுக்கு விளக்கத் தேவையில்லை. தாய் தகப்பன் செத்த வீட்டுக்குப் போகாமல் பத்திரத்துக்குக் காத்திருந்தவர்கள் இந்த மலரை வாசிப்பீர்கள். லண்டன்காரர் கவனிக்க: 1960 மார்ச்சில், ஜேர்மனியில் இராணுவ சேவை முடித்துத் திரும்பும் வழியில், ஸ்கொட்லாந்தின் பிறெஸ்ற்விக் விமான நிலையத்தில் சிறிது நேரம் இறங்கினார். பிரித்தானிய மண்ணில் அவர் கால் பட்டதாக உறுதியாகத் தெரிவது அவ்வளவுதான்.

ரொறன்ரோக்காரருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1957 ஏப்ரல் 2ஆம் திகதி அவர் இரண்டு காட்சி பாடிய மேப்பிள் லீவ் கார்டன்ஸின் கீழ்த்தளம் இப்போது பலசரக்குக் கடை. பழைய ஐஸ் ஹொக்கி மைதானத்தின் நடுப்புள்ளியைத் தரையில் சிவப்பு வட்டமாக விட்டிருக்கிறார்கள். தள்ளுவண்டிகள் அதன் மேலால் போகும்.

1977 ஆகஸ்ட் 16 பின்னேரம் மூன்றரைக்கு மெம்பிஸ் ஆஸ்பத்திரியில் அவர் இறந்ததாக அறிவித்தார்கள். வயது 42. யாழ்ப்பாணத்தில் அப்போது பதினேழாம் திகதி அதிகாலை இரண்டு மணி. அந்த வாரம் ஊரில் தொடங்கிய கலவரத்தில் அந்தச் செய்தியை யார் கேட்டது? மாஸ்டர் கேட்டிருப்பார். அதைப் பற்றி அவரிடம் கேட்க எங்களுக்கு நேரம் இருக்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொருவராய்ப் புறப்படத் தொடங்கிவிட்டோம்.

போன பொதுக்கூட்டத்தில் மூன்று நாட்டுக் கிளைகளும் சூமில் ஒன்றாகக் கீதம் பாடினோம். மெல்பேண் ஒரு வரி பிந்தி வந்தது. எக்கோ மட்டும் மைக்கை மூடிவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஒரு வேண்டுகோள். அன்றைய ஸ்பூல் யாரோ ஒருவர் வீட்டுப் பெட்டிக்குள் இருப்பதாகப் பேச்சு. இருந்தால் ஆசையில் உடனே ஓட விடாதீர்கள். முதலில் மணந்து பாருங்கள்: வினாகிரி மணம் அடித்தால் அசற்றேற் நாடா, நொறுங்கும், வேகமாகச் சுற்றக்கூடாது. தலையில் ஒட்டிக் கிறீச்சிட்டால் உடனே நிறுத்துங்கள், பூச்சு உரியும். காந்தமும் ஒலிபெருக்கியும் கிட்ட வேண்டாம். ஏழரை அங்குல வேகம் உள்ள மெஷின் தேவை, அதைத் தேடுவது எங்கள் வேலை. செயலாளருக்கு ஒரு அழைப்பு எடுத்தால் போதும்.