‘லக்சுரி’ என்ற சொல்லில் நான் இழந்த மதிப்பெண்

எம்.ஏ. ஆங்கில இலக்கியம் முதலாண்டில் ஓர் உள்மதிப்பீட்டுத் தேர்வு. ‘ஹாம்லெட்’ நாடகத்திலிருந்து சில வரிகளைக் கொடுத்து, இடம் சுட்டி விளக்கச் சொல்லியிருந்தார்கள். கொலையுண்ட அரசனின் ஆவி மகனிடம் பேசும் இடம் அது. டென்மார்க்கின் அரசக் கட்டில் ‘லக்சுரி’க்கும் முறைகெட்ட உறவுக்கும் மஞ்சமாகிவிடக் கூடாது என்கிறது ஆவி. லக்சுரி பஸ் என்று எழுதியிருப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். புதிய அரசன் சொகுசாக வாழ்வதே ஆவியின் மனக்குறை என்று ஒரு பக்கம் எழுதிவிட்டேன்.

விடைத்தாள் திரும்பி வந்தபோது அந்தப் பக்கத்தின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு இருந்தது. ஷேக்ஸ்பியரிடம் அந்தச் சொல்லுக்குக் காமவெறி என்று பொருள். கிறிஸ்தவ மரபின் ஏழு பெரும்பாவங்களில் காமத்துக்கு லத்தீனில் ‘லுக்சூரியா’ என்றே பெயர். அதுவே இதன் மூலம். சொகுசு என்ற பொருள் பின்னால் பரவியது. தெரியாத சொல்லாக இருந்திருந்தால் அகராதியைப் புரட்டியிருப்பேன். தெரிந்த சொல் என்ற நம்பிக்கையே என்னைக் கவிழ்த்தது.

அதற்குப் பிறகு இன்பம், ஆசை, காமம் சார்ந்த பழைய ஆங்கிலச் சொற்களைத் தனி நோட்டில் சேர்க்கத் தொடங்கினேன். ஆங்கில இலக்கியத் தாளுக்குப் படிப்பவர்கள் இதை முதல் மாதத்திலேயே செய்துவிடுங்கள். சொல்லுக்கு எதிரே ஒற்றைத் தமிழ்ச்சொல் எழுதும் பழக்கம் மட்டும் வேண்டாம். என் பழைய நோட்டில் ஏழெட்டுச் சொற்களுக்கு எதிரே ‘காமம்’ என்றே இருந்தது; அது எதற்கும் உதவவில்லை.

இன்று காமத்தைக் குறிக்கும் ‘லஸ்ட்’ என்ற சொல்லைப் பாருங்கள். பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசரின் ‘கேன்டர்பரி கதைகள்’ முன்னுரையில் வரும் துறவிக்குக் குதிரையேற்றத்திலும் முயல் வேட்டையிலுமே ‘லஸ்ட்’ எல்லாம். அங்கே அது நாட்டம், மகிழ்ச்சி, அவ்வளவுதான். ஜெர்மன் மொழியில் இன்றும் அந்தப் பொருள் உயிரோடு இருக்கிறது. இன்று ஆபாசமானதைக் குறிக்கும் ‘லூட்’ என்ற சொல் அதே முன்னுரையில் கல்லாத எளியவனைக் குறிக்கிறது. அதற்கும் முன்னால் குருமார் அல்லாதவன் என்றுதான் பொருள். கல்லாதவன் கீழானவன் ஆகி, கீழானவன் ஆபாசக்காரன் ஆனான். ஒரு சமூகம் யாரை இழிவாகப் பார்த்தது என்பதை இந்த ஒரு சொல்லே காட்டிக்கொடுக்கிறது.

இது நமக்குப் புதிதல்ல. நறுமணத்தைக் குறித்த ‘நாற்றம்’ இன்று மூக்கைப் பொத்த வைக்கிறது. திருக்குறளின் மூன்றாம் பாலுக்கே பெயராக நின்ற ‘காமம்’ இன்று வீட்டில் உரக்கச் சொல்ல முடியாத சொல். தமிழில் இந்தச் சரிவை உணர்ந்தவருக்கு ஆங்கிலத்தில் அதைப் பிடிப்பது கடினமாக இராது.

எனக்கு மிகவும் பிடித்தது, அடங்காத காமத்தையும் குறிக்கும் ‘வாண்டன்’. பழைய ஆங்கிலத்தில் ‘குறை’ என்ற பொருள்தரும் முன்னொட்டும் ‘பயிற்றப்பட்ட’ என்ற சொல்லும் சேர்ந்து உருவானது. வளர்ப்பு சரியில்லை என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, அதுதான். ‘கிங் லியர்’ நாடகத்தில் ஈக்களைக் கொன்று விளையாடும் சிறுவர்களுக்கு இந்த அடை வருகிறது. அங்கே காமத்தை நுழைத்தால் வரியே பாழாகிவிடும். அடக்குவாரற்ற பிள்ளைகளின் கொடிய விளையாட்டு அது.

படிக்கும் முறையில் எனக்கு உதவியது ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி. அதில் மிகப் பழைய பொருள் முதலில் நிற்கும். ஒவ்வொரு பொருளுக்கும் கீழே ஆண்டு வரிசையில் மேற்கோள்கள் இருக்கும். உங்கள் பாடநூல் எழுதப்பட்ட ஆண்டுக்கு அருகிலுள்ள மேற்கோளைத் தேடிப் படியுங்கள். கல்லூரி நூலகத்தில் அது இருந்தால் வாரத்துக்கு ஒரு மணி நேரம் போதும்.

வெளிநாட்டு மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜி.ஆர்.இ. போன்ற தேர்வுகளுக்கு இந்த வரலாறு அவ்வளவு தேவையில்லை. சொல்லின் தொனி தெரிந்தால் போதும். ‘எபிக்யூர்’ சுவையறிந்து உண்பவரைப் பாராட்டும் சொல். ‘சைபரைட்’ சொகுசில் மூழ்கியவரைக் குறை சொல்வது, கி.மு. 510இல் அழிக்கப்பட்ட தென் இத்தாலியின் சைபரிஸ் நகரிலிருந்து வந்தது. எபிக்யூரஸ் என்ற தத்துவஞானியோ எளிய உணவே போதும் என்று வாழ்ந்தவர். அவர் பெயர் உணவுப் பிரியர்களுக்குப் போய்ச் சேர்ந்ததில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

சில இடங்களில் இரண்டு பொருளும் சேர்ந்தே நிற்கும். 1667இல் வெளிவந்த ‘பாரடைஸ் லாஸ்ட்’ காவியத்தில், பாவம் அறியாத ஏவாளின் கூந்தல் சுருள்களை மில்டன் ‘வாண்டன்’ என்கிறார். திராட்சைக் கொடியின் பற்றுக்கம்பிபோலக் கட்டின்றி நெளிபவை என்பது ஒரு பொருள். வரப்போகும் வீழ்ச்சியின் நிழலும் அதே சொல்லில் விழுகிறது. அப்படியொரு வரி கேட்கப்பட்டால் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முயலாதீர்கள். இரண்டையும் எழுதி, எது எந்தக் காலத்துப் பொருள் என்று குறிப்பிடுங்கள்.