நாலு லிட்டர் போதும் என்று நினைத்தேன்

பசிபிக் கிரெஸ்ட் டிரெயிலில் ஐந்தாவது நாள். மெக்சிகோ எல்லையில் கேம்போ என்கிற சின்ன ஊரை ஒட்டித் தொடங்கி கனடா வரை போகும் 2,650 மைல் பாதையில், அன்று காலை வரை நான் முடித்திருந்தது 77 மைல். மூன்று சதவீதம்கூட இல்லை. அதற்குள் இரண்டு குதிகாலிலும் கொப்புளம், தோளில் பை வார் அறுத்த தடம், உதடு முழுக்க வெடிப்பு.

முந்தின ராத்திரி படுத்தது சிசர்ஸ் கிராசிங் என்ற இடத்தில், நெடுஞ்சாலைப் பாலத்துக்கு அடியில். வெயில் படாத ஒரே இடம் அதுதான் என்பதால் நடைக்காரர்கள் எல்லோரும் அங்கேதான் ஒதுங்குவார்கள். பலர் அங்கிருந்து லிஃப்ட் கேட்டு ஜூலியன் ஊருக்குப் போய் ஆப்பிள் பை சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். எனக்கும் ஆசைதான், ஆனால் வேகமாக மைல் தேற்ற வேண்டும் என்று ஒரு கிறுக்கு. போயிருக்கலாம்.

இங்கிருந்து சான் ஃபெலிப்பே குன்றுகளைக் கடந்து பேரல் ஸ்பிரிங் வரை 24 மைலுக்கு இயற்கையான தண்ணீர் கிடையாது. நடுவில் 14வது மைலில், மூன்றாவது கேட் என்று சொல்லப்படும் இடத்தில், தன்னார்வலர்கள் குடங்குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறார்கள். ஆனால் அதை நம்பிக் கிளம்பாதே என்று எல்லோரும் சொல்வார்கள். நான் நம்பினேன். முந்தின நாள் யாரோ 'நிறைய இருக்கிறது' என்று நடைக்காரர்களுக்கான மொபைல் ஆப்பில் எழுதியிருந்ததைப் பார்த்ததும், ஆறு லிட்டர் எதற்கு, நாலு போதும் என்று முடிவு கட்டிவிட்டேன். ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ. ஐந்து நாளாகத் தோள் வலித்தவனுக்கு இரண்டு கிலோ குறைகிறது என்பது எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று சுமந்தவர்களுக்குத்தான் தெரியும்.

பாலத்தடியில் பக்கத்தில் படுத்திருந்த ஓர் அம்மா, அறுபதைத் தாண்டியவர், ஆறு லிட்டரை நிதானமாக நிரப்பிக்கொண்டிருந்தார். என் பாட்டில்களைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

நாலரை மணிக்கு ஹெட்லைட் போட்டுக்கொண்டு கிளம்பினேன். முதல் இரண்டு மணி நேரம் சுகம். விடிந்தபோது சரிவெல்லாம் ஓகோட்டியோ என்கிற பாலைவனச் செடி, காய்ந்த குச்சிகளைக் கட்டாக நட்டுவைத்தது போல நின்று, நுனியில் மட்டும் சிவப்பாகப் பூத்திருந்தது. பானை மாதிரி உருண்ட கள்ளி, அப்புறம் சோயா (பீன்ஸ் இல்லை, இது ஒரு முள்கள்ளி), உரசினால் போதும், கணு கழன்று வந்து காலில் ஒட்டிக்கொள்ளும். சப்பாத்திக்கள்ளியையும் பார்த்தேன். நம்மூர் வேலியோரத்தில் பார்த்துப் பழகியதற்கு இந்தக் கண்டம்தான் பிறந்த வீடு என்று அன்றைக்குத்தான் மனதில் உறைத்தது.

ஏழரைக்கு மேல் வெயில் ஏறியது. இந்தக் குன்றுகளில் பாதை ஒரேயடியாகச் செங்குத்தாக ஏறாது, ஒவ்வொரு மடிப்புக்கும் உள்ளே போய் வெளியே வரும், எதிர்ச்சரிவில் நாம் போக வேண்டிய இடம் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும், ஆனால் அங்கே போய்ச் சேர அரை மணி நேரம் வளைந்து நடக்க வேண்டும், சேர்ந்ததும் அதே மாதிரி இன்னொரு மடிப்பு. பத்தாவது மைலில் அரை லிட்டர்தான் மிச்சம். வாய் ஒட்டிக்கொண்டது. கடலையும் தின்ன முடியவில்லை, மாவாக நாக்கில் அப்பிக்கொண்டது. தலையில் யாரோ மெதுவாகத் தட்டிக்கொண்டே இருப்பது போல ஒரு வலி. பன்னிரண்டாவது மைலில் பாட்டில் காலி. அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் தொடர்ச்சியாக ஞாபகம் இல்லை. ஒரு பாறை நிழலில் உட்கார்ந்து, எழுந்திருக்க மனசில்லாமல், ஆப்பில் அந்தக் குறிப்பை எழுதிய ஆள் பொய் சொல்லியிருந்தால் என்ன செய்வது என்று யோசித்தது மட்டும் தெளிவாக இருக்கிறது.

பொய் சொல்லவில்லை. கேட்டிலிருந்து கீழே கொஞ்ச தூரம் இறங்கியதும் பிளாஸ்டிக் கேன்கள். ஆனால் பெரும்பாலும் காலி. ஐந்தாறில் மட்டும் தண்ணீர். அங்கேயே நின்று ஒரு லிட்டர் குடித்தேன், இன்னும் மூன்று லிட்டர் பிடித்துக்கொண்டேன். எனக்குப் பின்னால் பாலத்தடியிலிருந்து குறைந்தது எட்டுப் பேர் வந்துகொண்டிருந்தார்கள் என்பதும் தெரியும். தெரிந்துதான் எடுத்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து அந்த அம்மா குடையைப் பிடித்தபடி வந்து சேர்ந்தார். புதர் நிழலில் ஷூவைக் கழற்றிவிட்டு இருபது நிமிடம் உட்கார்ந்தார். "தண்ணீர் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்" என்றேன். என்னிடம் இருக்கிறது, பின்னால் வருகிறவர்களுக்கு இருக்கட்டும் என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார், எனக்காகச் சொன்ன மாதிரி இல்லை. அப்புறம் ஷூவை மாட்டிக்கொண்டு மேலே ஏறிப் போய்விட்டார்.

நான் நாலு மணி வரை அங்கேயே கிடந்தேன். கிளம்பும்போது பையில் மூன்று லிட்டர். பழகிப்போய்க் கனம் தெரியவில்லை என்று சொன்னால் அது பொய், நன்றாகவே தெரிந்தது.