திரைச்சீலைக்கு இந்தப் பக்கம்

நவம்பர் 3

அப்பாவின் அறுவை சிகிச்சையைத் தள்ளிவைத்துவிட்டார்கள். காய்ச்சல் முழுமையாக இறங்கும் வரை தொட மாட்டார்களாம். எப்போது இறங்கும் என்று யாரும் சொல்வதில்லை.

தனி அறை காலியில்லை. நான்கு படுக்கைக் கூடத்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அண்ணன் உள்ளே வந்து சுற்றிலும் பார்த்தான். பக்கத்துப் படுக்கையில் தாடி வைத்த ஒரு பெரியவர். எதிர்ப் படுக்கையில் ஓர் இளைஞன், அருகில் ஜெபமாலையுடன் அவன் அம்மா. மூலையில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கும் ஒருவர். என்னை வெளியே அழைத்துப்போய், "வேறு கூடம் கேட்கப் போகிறேன்" என்றான். ஏன் என்றேன். "உனக்குத் தெரியாதா?" என்றான். தெரியும். அவன் வாயால் சொல்லட்டும் என்றுதான் கேட்டேன். சொல்லவில்லை.

நவம்பர் 4

102. மாத்திரைக்குப் பிறகு 101. மறுபடியும் 102.

நவம்பர் 5

அப்பா கண் விழிக்கிறார், என்னைப் பார்க்கிறார், யார் என்று தெரியாமலேயே மறுபடியும் தூங்கிப்போகிறார்.

பக்கத்துப் பெரியவரின் மகன் காலையில் வந்து, "அக்கா, அத்தாவின் கட்டிலைச் சற்றுத் திருப்பிக்கொள்ளலாமா? உங்களுக்கு இடைஞ்சலாக இருக்குமா?" என்று கேட்டான். இரவுப் பணி சிஸ்டரிடம் ஏற்கெனவே அனுமதி வாங்கியிருந்தான். இருந்தாலும் என்னிடமும் கேட்டான். கட்டில் மக்காவிலுள்ள கஅபாவின் திசைக்குத் திரும்பியது. பெரியவர் எழுந்து உட்கார முடியாதவர். கையில் ஊசிக்குழாய், தண்ணீர் படக் கூடாது. ஒரு சிறு கல்லின் மேல் உள்ளங்கைகளை வைத்து முகத்தையும் கைகளையும் தடவிக்கொண்டார். பிறகு படுத்தபடியே, தலையசைவாலேயே தொழுதார். நிற்க முடியாதவன் உட்கார்ந்து தொழலாம், அதுவும் முடியாதவன் படுத்துத் தொழலாம், தண்ணீர் ஆகாதவனுக்கு மண்ணே போதும் என்பதை வகுப்பில் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போயிருக்கிறேன். நோயாளியின் உடம்பு எதைத் தாங்கும் என்று இவ்வளவு நுணுக்கமாக நினைத்துப் பார்த்த ஒரு மார்க்கத்தை இத்தனை அருகில் இன்றுதான் பார்த்தேன்.

மாலையில் அப்பாவின் காதருகே பதிகம் படித்தேன். அந்தப் பையன் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டான். யாரும் அவனிடம் சொல்லவில்லை.

நவம்பர் 7

அண்ணன் கைப்பேசிக்கு ஒரு செய்தி அனுப்பியிருக்கிறான். "அவர்களுடைய" வீடுகளில் என்ன நடக்கிறது, பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று நீளமாக. எழுதியவர் பெயர் இல்லை, ஊர் இல்லை, தேதி இல்லை. எல்லாருக்கும் அனுப்பு என்ற கட்டளை மட்டும் கீழே இருக்கிறது.

எனக்கு உடனே ஜான் காலாஸின் நினைவு வந்தது. பிரான்சின் துலூஸ் நகரத்துத் துணி வணிகர், சீர்திருத்தக் கிறிஸ்தவர் (புராட்டஸ்டண்ட்). அவருடைய மகன் வீட்டிலேயே இறந்து கிடந்தான். அவன் கத்தோலிக்கனாக மாறவிருந்தான், அதனால் தகப்பனே கொன்றுவிட்டான் என்று வாசலில் கூடிய கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். அந்தக் கத்தலே வழக்கானது. 1762 மார்ச் 10 அன்று அவரைச் சக்கரத்தில் கட்டி எலும்புகளை நொறுக்கிக் கொன்றார்கள். கடைசி வரை தான் குற்றமற்றவன் என்றே சொன்னார். எழுத்தாளர் வால்டேர் அந்த வழக்கைக் கையிலெடுத்து விடாமல் போராடினார். 1765இல் காலாஸ் நிரபராதி என்று அறிவித்தார்கள். அவர் இறந்து மூன்று ஆண்டுகள் கழித்து.

துலூஸ் மக்கள் காலாஸின் கடையில் துணி வாங்கியவர்கள்தானே? முகம் தெரியும், பேச்சு தெரியும். அப்படியும் நம்பினார்கள். வேற்று மதத்தானின் வீட்டுக்குள் எதுவும் நடக்கும் என்று நம்ப மனம் முன்பே தயாராக இருந்தால் ஒரு கத்தல் போதும். என் அண்ணன் கெட்டவன் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது.

நவம்பர் 8

இரவு அப்பாவுக்குக் கடும் நடுக்கம். நான் அசந்துவிட்டிருந்தேன், பெரியவரின் மகன்தான் ஓடிப்போய் சிஸ்டரை அழைத்து வந்தான்.

நவம்பர் 9

பெரியவர் என்னைக் கூப்பிட்டார். "அம்மா, உன் தகப்பனாருக்காகத் துஆ கேட்கலாமா? உங்களுக்குச் சம்மதம் என்றால்தான்" என்றார். துஆ என்றால் பிரார்த்தனை. மனத்துக்குள்ளேயே கேட்டிருக்கலாம், நமக்குத் தெரியவே தெரியாது. சம்மதம் கேட்டாரே, அந்த மரியாதையில் எனக்குத் தொண்டை அடைத்தது.

அண்ணன், "வேண்டாம் என்று சொல். அப்பா தெளிவாக இருந்தால் ஒப்புக்கொள்ள மாட்டார்" என்கிறான். எனக்கு அப்பாவைத் தெரியும் என்று நினைக்கிறேன். அவனும் அப்படித்தான் நினைக்கிறான். அப்பா நாள் தவறாமல் பூசை செய்தவர். பிற மதத்தாரைப் பற்றி ஒரு தப்பான வார்த்தை சொன்னதில்லை. ஆனால் நெருங்கிப் பழகியதும் இல்லை. பேச முடியாமல் கிடக்கும் ஒருவருடைய நம்பிக்கையின் பெயரில் பதில் சொல்ல எனக்கு உரிமை உண்டா? அண்ணனுக்கு உண்டா? அப்பா கண் விழிக்கட்டும் என்று பெரியவரிடம் சொன்னேன். "அதுதான் சரி" என்றார். முகம் வாடவில்லை.

இன்னொருவர் அவருடைய இறைவனிடம் என் அப்பாவின் பெயரைச் சொல்வதில் அப்பாவுக்கு எது குறைந்துவிடும்? இரவெல்லாம் இதே கேள்வி.

நவம்பர் 10

கூடத்தின் கதவில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். கட்டில்களை நகர்த்தக் கூடாது. கூடத்துக்குள் வழிபாடு கூடாது. புகார் வந்ததாம்.

புதிய மேற்பார்வையாளரிடம் போய்ப் பேசினேன். இரவுப் பணி சிஸ்டர் கொடுத்தது அவருடைய தனிப்பட்ட சலுகை, விதி அல்ல என்றார்.

1598இல் பிரான்சின் அரசர் நான்காம் ஹென்றி நாந்த் நகரில் அரசாணை கொடுத்தார். பிரான்சின் சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள் வழிபடலாம், பதவி வகிக்கலாம். பல பத்தாண்டு உள்நாட்டுப் போருக்கு அதுதான் முடிவு. 1685இல் அவருடைய பேரன் பதினான்காம் லூயி அதை ரத்துசெய்தார். அவர்களுடைய தேவாலயங்கள் இடிக்கப்பட்டன, லட்சக்கணக்கில் மக்கள் நாட்டைவிட்டு ஓடினார்கள். மேலே இருப்பவர் கொடுப்பதை மேலே வருபவர் எடுத்துக்கொள்வார். 1948இல் ஐ.நா. மனித உரிமைப் பிரகடனத்தின் 18ஆம் பிரிவில் இதை உரிமை என்றே எழுதிவைத்தார்கள். நம்பவும், நம்பிக்கையை மாற்றிக்கொள்ளவும், தனியாகவோ பிறருடன் சேர்ந்தோ வழிபடவும் உரிமை. யாருடைய பெருந்தன்மையையும் சார்ந்ததல்ல. ஆனால் பிரகடனம் இந்தக் கூடத்தின் கதவு வரை நடந்து வராது. உள்ளே இருக்கும் நாங்கள்தான் கொண்டுவர வேண்டும்.

எதிர்ப் படுக்கை அம்மா ஜெபமாலையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்து உருட்டிக்கொண்டிருக்கிறார். பார்க்கப் பொறுக்கவில்லை.

நவம்பர் 11

எல்லாரும் மூலைப் படுக்கையையே பார்க்கிறோம்.

நவம்பர் 12

மூலைப் படுக்கைக்காரரிடம் போய் உட்கார்ந்தேன். சண்டை போடுவதற்காக அல்ல, கேட்பதற்காக. அவருக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. அதை அவரே நிதானமாகச் சொன்னார். புகார் கொடுத்ததையும் மறைக்கவில்லை. "தொழுகை எனக்குத் தொந்தரவே இல்லை. விடியற்காலையில் கைப்பேசிகளில் அலாரம், ஸ்பீக்கரில் பக்திப் பாட்டு, ஜெபம். வலி மாத்திரை போட்டு அப்போதுதான் கண் அசந்திருப்பேன். நான்கு நாளாகத் தூக்கமில்லை. தூக்கம் வேண்டும் என்றுதான் எழுதிக் கொடுத்தேன். வழிபாட்டை நிறுத்தச் சொல்லி ஒரு வரிகூட எழுதவில்லை" என்றார்.

கேட்டது தூக்கம். வந்தது வழிபாட்டுத் தடை. நடுவில் யாரோ அதை மதப் பிரச்சினையாகவே படித்துவிட்டார்கள். கொஞ்சம் நினைத்துப் பார்த்தால், பக்கத்துப் பக்கத்தில் வாழும் மனிதர்களின் மதச் சண்டைகளில் எத்தனை சத்தத்தைப் பற்றியவை, இடத்தைப் பற்றியவை, நேரத்தைப் பற்றியவை! அவற்றை அப்படியே பேசினால் ஒரு மாலைக்குள் தீரும். கடவுளை உள்ளே இழுத்த பிறகு தலைமுறைகள் ஆனாலும் தீராது.

இன்னொன்றும் சொன்னார்: "நீங்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் மரியாதை கொடுத்துக்கொள்கிறீர்கள். எனக்கு நம்பிக்கை இல்லை என்றதும் பரிதாபமாகப் பார்க்கிறீர்கள்." இதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறேன். அதே உரிமையைச் சொல்லும் குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 18ஆம் பிரிவு நம்பாதவர்களுக்கும் பாதுகாப்பு தருகிறது என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 1993இல் விளக்கமாகவே எழுதியது. எல்லா மதமும் சமம் என்று நாம் மேடையில் பேசும்போது மதமில்லாதவருக்கு அந்த மேடையில் நாற்காலி போடுகிறோமா?

மாலை எல்லாருமாகப் பேசினோம். ஸ்பீக்கர் வேண்டாம், அலாரம் அதிர்வில் மட்டும், கட்டிலைத் திருப்பும்போது திரையை இழுத்துவிடுவது. நான் எழுதினேன், நான்கு பேர் சார்பிலும் கையெழுத்து. முதல் கையெழுத்து மூலைப் படுக்கைக்காரருடையது.

நவம்பர் 13

100. இறங்குகிறது!

அறிவிப்பைக் கிழித்துவிட்டார்கள்.

எதிர்ப் படுக்கை அம்மாவும் பெரியவரின் மகனும் மரியாளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். குர்ஆனில் 19ஆம் அத்தியாயத்துக்கு மர்யம் என்றே பெயர் என்றதும் அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. கன்னியாகவே பெற்றாள் என்று எங்களுக்கும் உண்டு என்றான். பேச்சு சிலுவைக்கு வந்தது. ஈசா நபி சிலுவையில் இறக்கவில்லை என்பது எங்கள் நம்பிக்கை என்று தயங்கிச் சொன்னான். "அப்படியென்றால் எனக்கு என்ன மிச்சம் தம்பி?" என்றார் அவர். கோபமில்லை, உண்மையான திகைப்பு. அவன் மேலே வாதாடவில்லை. "உங்கள் மகன் சாப்பிட்டானா அம்மா?" என்று கேட்டான்.

அசோகரின் பன்னிரண்டாம் பாறைக் கல்வெட்டு சொல்வது இதைத்தான். பேச்சில் அடக்கம். தகாத இடத்தில் தன் சமயத்தைப் புகழாதே, பிறர் சமயத்தை இகழாதே. பிறர் சமயத்தைத் தாழ்த்தித் தன் சமயத்தை உயர்த்துகிறவன் தன் சமயத்துக்கே கேடு செய்கிறான். இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டது. அந்தப் பையன் படித்திருக்க மாட்டான்.

"எல்லாம் ஒன்றுதான்" என்று சொல்லிச் சமாதானம் செய்யப் போனேன், வாயைத் திறக்கவில்லை. ஒன்றில்லையே. அந்த அம்மாவுக்குச் சிலுவைதான் எல்லாம். அதைச் சிறிதாக்கிவிட்டுக் கிடைக்கும் ஒற்றுமை எனக்கு வேண்டாம்.

நவம்பர் 14

அப்பா தெளிவாகப் பேசினார்! தண்ணீர் கேட்டார். என் பெயரைச் சொன்னார். பெரியவர் கேட்டதைச் சொன்னேன். அண்ணனும் இருந்தான். அப்பா நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அவர் அவருடைய ஆண்டவனிடம் கேட்கட்டும். நான் என் அப்பனிடம் அவருக்காகக் கேட்கிறேன். அவருடைய பெயர் என்ன?" என்றார்.

இருவரும் அவரவர் இடத்திலிருந்து ஓர் அங்குலமும் நகரவில்லை. 1219இல், ஐந்தாம் சிலுவைப் போரின் நடுவே, கிறிஸ்தவத் துறவி அசிசியின் பிரான்சிஸ் எகிப்தின் தமியாத்தா அருகே சுல்தான் அல்-காமிலின் பாசறைக்கு ஆயுதமின்றிப் போனார். சுல்தான் மதம் மாறவில்லை, பிரான்சிசும் மாறவில்லை. பத்திரமாகத் திருப்பி அனுப்பிவைத்தார். எதிரி நாட்டுக்காரர், எதிரி மதத்துக்காரர். அவரை உட்காரவைத்துக் கேட்டு உயிரோடு அனுப்பிய அந்த ஒரு சந்திப்பை, போரில் யார் வென்றார்கள் என்பதைவிட முக்கியமாக நான் பாடம் நடத்துவேன்.

அண்ணன் ஒன்றும் சொல்லாமல் வெளியே போய்விட்டான்.

நவம்பர் 16

இன்று உலகச் சகிப்புத்தன்மை நாள். 1995இல் இதே தேதியில் யுனெஸ்கோ வெளியிட்ட பிரகடனம் சகிப்புத்தன்மை என்பது விட்டுக்கொடுப்பதோ தயவு காட்டுவதோ அல்ல என்கிறது. அண்ணனுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டான், பதில் இல்லை.

நவம்பர் 17

தனி அறை காலியாகிவிட்டதாம். உடனே மாற்ற வேண்டும் என்று அண்ணன் நிற்கிறான். கிருமித்தொற்று அபாயம் என்கிறான் இப்போது. அதுவும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் முதல் நாள் அவன் சொல்லாமல் விட்ட காரணம் இன்னும் அவன் கண்ணில் இருக்கிறது. அதை ஒரே ஒருமுறை அவன் வாய்விட்டுச் சொன்னால் பேசலாம். சொல்லாததோடு எப்படிப் பேசுவது?

மருத்துவர் நாளை சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

நவம்பர் 18

இரண்டு நாளாகக் காய்ச்சல் இல்லை. அறை மாற்றம் தேவையில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அண்ணனுக்கு என் மேல் கோபம்.

நவம்பர் 19

நாளை காலை நடக்கும் முதல் அறுவை சிகிச்சை அப்பாவுக்குத்தான். இரவு பத்துக்குப் பிறகு தண்ணீர்கூடக் கூடாது. படிவத்தில் மகன் கையெழுத்தும் வேண்டுமாம். அண்ணன் வந்துகொண்டிருக்கிறான்.